மயக்கத்தில் இருக்கும் எலிக்கு மறுபடி மூச்சு இறுகாது

கேள்வி: தூசு பட்டதும் எனக்கு மூச்சு இறுகுகிறது, இன்ஹேலர் எடுத்தால் சரியாகிவிடுகிறது. ஆனால் பல மணி நேரம் கழித்து, தூசே இல்லாத இடத்தில் மறுபடி இறுகுகிறது. இதை எலிகளை வைத்து ஆராய்கிறார்களாமே, எலிக்கு ஆஸ்துமா வருமா?

பதில்: தானாக வராது, நாங்கள்தான் வரவழைப்போம். மருந்தியல் ஆய்வுக்கூடத்தில் என் வேலையே அதுதான். முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் ஓவால்புமின் என்ற புரதத்தை ஊசியில் ஏற்றி, உடம்பு அதைப் பகையாக நினைக்கும்படி செய்வோம். சில வாரம் கழித்து அதையே நுண்துளிகளாக மூச்சில் விடுவோம். சில நிமிடத்தில் மூச்சுக்குழாய் சுருங்கும், ஓரிரு மணி நேரத்தில் தெளியும். அப்புறம் காத்திருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் இரண்டாவது இறுக்கம் பெரும்பாலும் 3 முதல் 8 மணி நேரத்துக்குள் வரும்.

முதல் இறுக்கம், ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் செல்கள் கொட்டும் ஹிஸ்டமின் முதலான பொருள்களின் வேலை. இரண்டாவதில் வீக்கமும், இயோசினோபில் போன்ற வெள்ளணுக்களும் சேர்ந்துகொள்கின்றன. உடனடி நிவாரண இன்ஹேலர் இரண்டாவதைத் தடுக்காமல் போவது அதனால்தான். அதற்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் உதவும். இதை உங்கள் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

எந்த விலங்கு என்பதில்தான் சிக்கல். சுண்டெலி மலிவு, மரபணுவையும் மாற்றலாம் என்று எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அதன் மூச்சுக்குழாய் ஹிஸ்டமினுக்கு அவ்வளவாக அசையாது, செரட்டோனின் என்ற வேறொரு பொருளுக்குத்தான் சுருங்கும். கினி பன்றி நேர்மாறு. ஹிஸ்டமினுக்கு அது படும் பாட்டில் இரண்டாம் கட்டம் வருமுன்பே செத்துப்போகலாம் என்று முன்கூட்டியே ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து கொடுப்பார்கள். பிரௌன் நார்வே இன எலி இரண்டு கட்டத்தையும் காட்டும்.

என் ஓட்டு செம்மறி ஆட்டுக்கு. அஸ்காரிஸ் என்ற குடற்புழுவுக்கு அதற்கு இயற்கையாகவே ஒவ்வாமை உண்டு; விழித்த நிலையில் நிற்கவைத்தே அளக்கலாம். சில ஆடுகளுக்கு முதல் கட்டம் மட்டும், சிலவற்றுக்கு இரண்டும். மனிதர்களும் அப்படித்தானே!

விழித்த நிலை என்பது சின்ன விஷயமில்லை. 2012இல் லண்டன் ஆய்வாளர்கள் எலிகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டாம் கட்டம் காணாமலே போனது. அதாவது வீக்கம் மட்டுமல்ல, உணர்வு நரம்புகளும் இதில் பங்காளிகள். அசையாமல் கிடந்தால் அளப்பது சுலபம் என்று எலியை மயக்கிவிட்டு, "ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுதிய குறிப்பேடுகள் எத்தனையோ, யார் கண்டது?

கேள்வி: எலிக்குப் பலித்த மருந்து நமக்கும் பலிக்குமா?

பதில்: பல நேரம் பலிக்காது. இயோசினோபில்களை வளர்க்கும் இன்டர்லூகின்-5 என்ற புரதத்தை நீக்கிய சுண்டெலிகளில் இயோசினோபில்களும் போயின, மூச்சுக்குழாயின் மிகையான சுருக்கமும் போனது. அதே பொருளைத் தடுக்கும் எதிர்ப்பொருளை ஆஸ்துமாக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2000இல் வந்தது. இயோசினோபில் குறைந்தது, தாமத இறுக்கமோ அப்படியே நின்றது. பலர் கைவிட்டார்கள். பிறகு, இயோசினோபில் மிகுந்த கடும் ஆஸ்துமா உள்ளவர்களை மட்டும் தேர்ந்து கொடுத்தபோது, அடிக்கடி வரும் தீவிரத் தாக்குதல்கள் குறைந்தன. மெபோலிசுமாப் என்ற பெயரில் 2015இல் அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது.