ராணுவப் பொறியாளர் ஒருவர் கல்லூரி அணிக்கும் பயிற்சியாளராக இருக்க முடியுமா?

முடியும். ராபர்ட் நெய்லண்ட் அப்படித்தான் வாழ்ந்தார். டெக்சாஸில் 1892இல் பிறந்து, 1916இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் தேறி, பொறியாளர் படையில் சேர்ந்தவர். 1925இல் டென்னசி பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு ராணுவப் பயிற்சி அளிக்க வந்தார். மறு ஆண்டே அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர்.

ராணுவ வேலை இடையிடையே அவரை இழுத்துக்கொண்டே இருந்தது. 1935இல் பனாமா, இரண்டாம் உலகப் போரில் சீன-பர்மா-இந்திய முனை. நம் கல்கத்தாவிலும் பணியாற்றியிருக்கிறார்! பிரிகேடியர் ஜெனரலாக ஓய்வு பெற்றார்.

என்னைப் பிரமிக்க வைப்பது அவருடைய தடுப்பாட்டம். 1939 பருவத்தின் வழக்கமான பத்து ஆட்டங்களிலும் எதிரணி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அதன்பின் பருவ முடிவில் நடக்கும் ரோஸ் பவுல் என்ற புகழ்பெற்ற போட்டியில் 14-0 எனத் தோற்றார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பயிற்சியாளராக அவருடைய மொத்தக் கணக்கு 173 வெற்றி, 31 தோல்வி, 12 சமன். தவறு குறைவாகச் செய்யும் அணியே வெல்லும் என்பது அவர் வகுத்த ஏழு விதிகளில் முதலாவது. ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் டென்னசி வீரர்கள் இன்றும் அவற்றை உரக்கச் சொல்கிறார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரும் அந்தப் பல்கலைக்கழக மைதானத்துக்கு அவர் பெயர்தான்.