ஆர்மரர் பதில்கள்

(ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுது பார்க்கும் ஆர்மரராக இருந்து ஓய்வுபெற்ற சேலத்துக்காரர் வாசகர்களுக்குப் பதிலளிக்கிறார்)

குழல் நீளமாக இருந்தால் ரிவால்வர் குறி தப்பாது என்கிறான் நண்பன். உண்மையா?
– கல்லூரி மாணவர், அம்மாப்பேட்டை

பாதி உண்மை, தம்பி. குறி பார்க்க ரிவால்வர் மேல் இரண்டு அடையாளம் உண்டு: குழல் நுனியில் இருப்பது ஃபோர்சைட், கண் பக்கம் இருப்பது பேக்சைட். இரண்டுக்கும் நடுவே 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள். ஃபோர்சைட் ஒரு மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டர் தள்ளியிருக்கும் குறி அட்டையில் தோட்டா 25 சென்டிமீட்டர் விலகிப் பாயும். நடுவே 20 சென்டிமீட்டர் இருந்தால் அந்த விலகல் பன்னிரண்டரையோடு போகும். ஆக, நீளக் குழல் கண்ணுக்குத்தான் உதவி. விரலுக்கு இல்லை. ட்ரிக்கரை வெடுக்கென்று இழுக்கிறவனுக்கு எட்டு அங்குலமும் ஒன்றுதான், மூன்று அங்குலமும் ஒன்றுதான். வலது கைக்காரன் அப்படி இழுத்தால் அடி பெரும்பாலும் இடது பக்கம் கீழே விழும்; அட்டையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். புதுப் பையன்களிடம் காலி ரிவால்வரைக் கொடுத்து, குழல் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, ட்ரிக்கரை அழுத்தச் சொல்வேன். நாணயம் விழுந்தால் அன்றைக்குத் தோட்டா கிடையாது!

இன்னொன்று, நீளக் குழலுக்கு முன்பாரம் அதிகம். முதலில் கையை ஆடாமல் பிடித்து நிறுத்துகிற அதே கனம், போகப்போகத் தோளை இறக்கிவிடும். போட்டியிலும் இஷ்டத்துக்கு நீளம் கிடையாது. 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் குழல் 153 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் நம் ஜஸ்பால் ராணா 590 புள்ளி எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தாரே, அந்தப் போட்டிதான்.

தாத்தா காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் பழைய வெப்லி ரிவால்வர் கிடைத்தது. கண்ணாடிப் பெட்டியில் போட்டு ஹாலில் மாட்டலாமா?
– வாசகி, ஏற்காடு

அம்மா, முதலில் அதிலிருந்து கையை எடுங்கள். 'சும்மா' ட்ரிக்கரை இழுத்துப் பார்க்கிற வேலையே வேண்டாம். பழைய எண்ணெய்ப் பிசுக்கும் மலைப் பனியில் ஏறிய துருவும் சேர்ந்து, தோட்டா போடுகிற உருளையான சிலிண்டர் இறுகிப்போயிருக்கும். உள்ளே தோட்டா கிடந்தாலும் தெரியாது. நடுவில் மடங்கித் திறக்கும் ஜாதி அது. 1915-இல் வந்த மார்க் 6 என்ற மாடல் என்றால் ஆறு அங்குலக் குழல், .455 தோட்டா. அழகான சாமான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம், தாத்தா சொத்து என்பதற்காக விட்டுவிட மாட்டார்கள். பெட்டியில் அவர் பெயரில் லைசென்ஸ் புத்தகம் இருக்கிறதா என்று பாருங்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்து, அவர்களையே வந்து எடுக்கச் சொல்லி, மறக்காமல் ரசீது வாங்குங்கள். கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்! பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு அந்தச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் 'இது சுடாது' என்று நீங்களோ நானோ சொன்னால் செல்லாது.

வெளிநாட்டில் அலமாரி நிறைய ரிவால்வர் சேர்க்கிறார்கள். நாமும் சேர்க்க முடியாதா?
– வாசகர், ஓமலூர்

ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்கு முன் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி. இப்போது இரண்டுதான். போட்டி வீரர்களுக்குத் தனிக் கணக்கு. ஆசைக்குப் படங்களைச் சேருங்கள், ஐயா. நான் கோல்ட் பன்ட்லைன் என்ற நீளக் குழல் ரிவால்வரின் படத்திலிருந்து ஆரம்பிப்பேன். அந்தக் கால அமெரிக்கக் காவல் அதிகாரி வயாட் எர்ப் இடுப்பில் 12 அங்குலக் குழல் தொங்கியதாக 1931-இல் வந்த வாழ்க்கை வரலாறு சொன்னது. உறுதியான ஆதாரம் இன்றுவரை இல்லை. ஆனாலும் ஜனங்கள் கேட்டார்கள் என்று கோல்ட் கம்பெனி 1957-இல் 12 அங்குலத்திலேயே செய்து விற்றது.