குளிர்காலத்தில் நோவ்கொரோத்: கடிதம்

அன்புள்ள ஐயா,

ரஷ்யாவில் ட்வேர் நகரில் மருத்துவம் படிக்கிறேன். ஜனவரிக் கடைசியில் தேர்வு முடிந்ததும் சில நாள் விடுமுறை. வெலிக்கி நோவ்கொரோத் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து அங்கே போக ஆசை. கையில் பணம் அதிகமில்லை. "இந்தக் குளிரில் போய் என்ன பார்ப்பாய், கோடையில் போ" என்கிறார்கள் அறைத்தோழர்கள். குளிர்காலத்தில் போவது வீணா?

எம்., ட்வேர்

அன்புள்ள எம்.,

தாராளமாகப் போய்வாருங்கள். வீணே இல்லை. அந்த ஊரின் பெரிய கதைகளில் சில குளிர்காலத்தில் நடந்தவை. 1570 ஜனவரியில் ஜார் நான்காம் இவான் படையோடு வந்து, வாரக்கணக்கில் மக்களைக் கொன்று வோல்கோவ் ஆற்றில் வீசச் செய்தான். 1944 ஜனவரி 20 அன்று சோவியத் படை ஊரை மீட்டபோது, ரஷ்யாவின் ஆயிரமாண்டு நினைவுச்சின்னத்தை ஜெர்மானியர்கள் பிரித்துப்போட்டிருந்தார்கள். வெண்கலச் சிலைகள் பனியில் சிதறிக் கிடந்தன. 1862இல் எழுப்பிய அந்தச் சின்னத்தை, ஊரே இடிபாடாகக் கிடந்த நிலையிலும் 1944 நவம்பரிலேயே திரும்ப நிறுத்திவிட்டார்கள். கிரெம்லின் எனப்படும் அந்த ஊர்க் கோட்டையின் முற்றத்தில் இருக்கிறது. முற்றத்துக்குக் கட்டணம் கிடையாது.

அதன் பக்கத்திலேயே 1045 முதல் 1050 வரை கட்டிய சோஃபியா பேராலயம். நடுக் குவிமாடத்துச் சிலுவையின் உச்சியில் ஓர் உலோகப் புறா உட்கார்ந்திருக்கும். இவான் நடத்திய படுகொலையைப் பார்த்து உறைந்துபோன புறா என்பது ஊர்க் கதை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களோடு சேர்ந்து வந்த ஸ்பானியப் படையினர் அந்தச் சிலுவையைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 2004இல்தான் திரும்பி வந்தது. அசல் இப்போது ஆலயத்துக்குள் இருக்கிறது. மேலே தெரிவது நகல்.

இவற்றையெல்லாம்விட நான் உங்களைப் போகச் சொல்வது பிர்ச் மரப்பட்டைக் கடிதங்களுக்காக. கிரெம்லினுக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 1951 ஜூலை 26 அன்று முதல் பட்டை கிடைத்தது. இதுவரை ஆயிரத்துக்கு மேல் எடுத்துவிட்டார்கள். மையே இல்லாமல் கூரான குச்சியால் கீறி எழுதியவை. காற்றுப் புகாத ஈர மண் அவற்றை மட்கவிடாமல் காத்தது. கடன் கணக்கு, வீட்டு வேலை, வழக்கு என்று எல்லாம் சாதாரண மக்கள் எழுதியது. பதினொன்றாம் நூற்றாண்டுப் பெண் ஒருத்தி, மூன்று முறை ஆள் அனுப்பியும் இந்த வாரம் நீ ஏன் வரவில்லை, என்மேல் என்ன கோபம் என்று கேட்கிறாள்.

ஓன்ஃபிம் என்ற சிறுவனைத் தவறவிடாதீர்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பிள்ளை. எழுத்துப் பழக உட்கார்ந்தவன், வரிசையைப் பாதியில் விட்டுவிட்டுக் குதிரைமேல் ஒரு வீரனை வரைந்திருக்கிறான். கீழே விழுந்த எதிரியை ஈட்டியால் குத்தும் வீரனுக்குப் பக்கத்தில் தன் பெயரையே எழுதிக்கொண்டான். அவன் வரையும் மனிதர்களுக்குக் கைவிரல்கள் வைக்கோல் வாரும் முள்வாரி மாதிரி இருக்கும். எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். அரசர்களின் வரலாற்றைவிட எனக்கு இந்தப் பையன் முக்கியம்.

இனி செலவு. மாஸ்கோவிலிருந்து இரவு ரயில் உண்டு. ட்வேரில் எப்போது ஏறலாம் என்று அட்டவணையில் பாருங்கள். ரயிலில் தூங்கினால் ஓர் இரவு அறை வாடகை மிச்சம். பிளாட்ஸ்கார்ட் என்னும் மலிவான, தடுப்பறை இல்லாத படுக்கைப் பெட்டியில் வெந்நீர் இலவசம், தேயிலையும் நூடுல்ஸும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஸ்தலோவயா என்னும் எளிய உணவகம் போதும்: ஒரு சூப், கொஞ்சம் கிரேச்கா (வேகவைத்த பக்வீட் தானியம்), ஒரு கொம்போத் (பழம் வேகவைத்த பானம்). அருங்காட்சியகத்தில் மாணவர் அட்டையை நீட்டிச் சலுகை கேளுங்கள். வார விடுமுறை எந்த நாள் என்று முன்னாடியே பார்த்துவிடுங்கள்.

அப்போது ஒன்பது மணிக்கு மேல்தான் விடியும், ஐந்து மணியோடு இருட்டிவிடும். அதனால் வெளிச்சம் இருக்கும்போதே நடைப்பாலத்தில் ஆற்றைக் கடந்து யாரோஸ்லாவ் முற்றத்துச் சிறு ஆலயங்களைப் பார்த்துவிட்டு, பிறகு அருங்காட்சியகத்துக்குள் நுழையுங்கள். குளிரில் கைபேசியின் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். சட்டையின் உள்பையில் வையுங்கள். ஆறு உறைந்திருந்தாலும் அதன்மேல் இறங்கவே கூடாது.

டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடுங்கள். விடுமுறை நாட்களில் பிளாட்ஸ்கார்ட்டின் கீழ்ப்படுக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.