யாங்கோன் மழைக்காலத்தில் எலெக்ட்ரிக் கிட்டார் செய்யலாமா, பாலிஷ் போடலாமா?

கேள்வி கேட்ட தம்பிக்கு மியான்மரின் யாங்கோன்தான் ஊர். பழைய சீனத்து எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று வைத்திருக்கிறார். அதன் பெயின்ட்டை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். அது கைகூடினால், வீட்டில் கிடக்கும் தேக்குப் பலகையில், தாழ்ந்த சுரம் வாசிக்கிற நான்கு கம்பி பேஸ் கிட்டார் ஒன்று செய்து பார்க்க ஆசை. ஆடி மாதம் லீவு கிடைக்கிறது, அப்போதே தொடங்கலாமா என்கிறார்.

தாராளமாகத் தொடங்குங்கள் தம்பி. ஸ்ப்ரே கன்னை மட்டும் ஆடியில் தொடாதீர்கள். இந்த ஊரில் கிட்டார் வேலைக்கு நாள் குறிப்பது காற்றில் இருக்கிற ஈரம்தான். மே கடைசியில் பிடிக்கிற மழை அக்டோபர் நடுப்பகுதி வரை விடுவதில்லை. ஜூலை, ஆகஸ்டில் சராசரி ஈரப்பதமே 85 சதவீதத்தைத் தாண்டும். வீடியோக்களில் அமெரிக்காக்காரர் சொல்லிக் கொடுப்பதெல்லாம் அவர் ஊர்க் காற்றுக்குச் சரி. எந்த வேலையை எந்த மாதம் செய்வது என்று நீங்கள்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

பழைய ஃபெண்டர், கிப்சன் கிட்டார்களில் அடித்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் மேல் எல்லோருக்கும் ஆசை இருக்கும். எனக்கும் உண்டு. அதில் கலந்திருக்கும் தின்னர் சட்டென்று ஆவியாகும். ஆவியாகிற வேகத்தில் பூச்சின் மேற்பரப்பைக் குளிரவைத்துவிடும். அந்தக் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படிந்து லாக்கருக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அடித்த கையோடு பார்த்தால் பளபளவென்று இருக்கும். சற்றுப் பொறுத்துப் பாருங்கள், வெள்ளை பூக்கத் தொடங்கியிருக்கும். கறுப்பு பாடி என்றால் சாம்பல் நிறமாகத் தெரியும். மெதுவாக ஆவியாகிற ரிட்டார்டர் தின்னர் சேர்த்து அடித்தால் கொஞ்சம் தாங்கும், கொட்டுகிற மழையில் அதுவும் கை கொடுக்காது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷும் இப்படித்தான் வெளுக்கும். இந்த இரண்டையும் கார்த்திகை, மார்கழிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கார் பெயின்ட் கடையில் ஹார்ட்னரோடு இரண்டு டின்னாகக் கிடைக்கிற பாலியூரிதேன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பூச்சு நல்ல உறுதி. ஆனால் அந்த ஹார்ட்னரில் இருக்கிற ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுத்துவிடும், துணி மாஸ்க் அதற்குப் பத்தாது. குழந்தைகள் நடமாடுகிற வீட்டு வராந்தாவில் அதை அடிக்கவே கூடாது. பெயின்ட் பூத் வைத்திருக்கும் கார் ஒர்க்‌ஷாப்பில் பாடியைக் கொடுத்து அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

அப்படியானால் ஆடியில் என்ன செய்வது? பழைய பெயின்ட்டை எடுக்கிற வேலை முழுவதும் மழையிலேயே நடக்கும். மலிவான கிட்டார்களில் கெட்டியான பாலியெஸ்டர் பூச்சுதான் பெரும்பாலும் இருக்கும். பெயின்ட் ரிமூவருக்கு அது மசியாது. ஹீட் கன்னைக் காட்டி, இளகியதும் தகட்டால் நெம்பினால் பட்டை பட்டையாக உரிந்து வரும். ஒரே இடத்தில் சூட்டை நிறுத்தினால் மரம் கருகும், ஒட்டுப் போட்ட இடம் விட்டுவிடும்; கை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அதன்பிறகு பள்ளங்களுக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாளில் 120, 180, 220, 320 என்று படிப்படியாக, மரத்தின் ஓட்டத்தோடு தேய்த்து வாருங்கள். கழுத்து உட்காரும் பள்ளத்தை மட்டும் தேய்க்க வேண்டாம். அங்கே கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்தாலும் கழுத்து ஆடத் தொடங்கும், கிட்டார் ட்யூனில் நிற்காது. பெயின்ட் பிசிறு இருந்தால் உளி முனையால் கிள்ளி எடுத்தால் போதும்.

மழையை விரும்புகிற பூச்சும் ஒன்று இந்த நாட்டிலேயே இருக்கிறது. பகான் ஊரில் கிண்ணமும் வெற்றிலைப் பெட்டியும் செய்கிறவர்கள் பூசுகிற தித்சி மரப்பால். அது தின்னர் ஆவியாகிக் காய்கிற சரக்கில்லை. பாலில் இருக்கிற லாக்கேஸ் என்ற நொதி, காற்றிலிருந்து ஆக்ஸிஜனை வாங்கி அதை இறுக வைக்கிறது. அதற்கு ஈரம் கட்டாயம் வேண்டும். பூசிய சாமான்களைப் பகானில் நிலவறையில் வைத்து உலர்த்துவது இதனால்தான். நம் ஆடி மாதக் காற்றே நிலவறை மாதிரிதானே!

என் பேஸ் ஒன்றின் பாடிக்குத் தித்சிதான் பூசியிருக்கிறேன். நூல் உதிராத துணியில் துளி எடுத்து, மரத்தில் அழுத்தித் தேய்த்து, மிச்சத்தை வேறு துணியால் வழித்துவிட வேண்டும். கனமாகப் பூசினால் மேல்தோல் முதலில் இறுகிச் சுருங்கிக்கொள்ளும், அடியில் இருப்பது பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும். ஒவ்வொரு பூச்சும் நன்றாக இறுகியபின் தண்ணீர் தொட்டு 600, பிறகு 1000 எண் தாளில் மெல்லத் தேய்த்து, அடுத்ததைப் பூசலாம். முதல் பூச்சு பழுப்பாகத் தெரியும். போகப் போக ஆழமான கறுப்பு ஏறும், கடைசியில் உள்ளங்கையால் தேய்க்கத் தேய்க்க மினுக்கம் கூடும். எந்த ஸ்ப்ரேயிலும் அந்தக் கறுப்பை நான் பார்த்ததில்லை. ஆனால் ஜாக்கிரதை: இது சேராங்கொட்டை, முந்திரி, மா எல்லாம் சேர்ந்த குடும்பத்து மரம். இறுகுவதற்கு முன் பால் தோலில் பட்டால் சேராங்கொட்டை பட்டதுபோல் தடித்துக் கொப்பளிக்கும். கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் டின்னைத் திறக்காதீர்கள். முழுவதும் இறுகியபின் பயமில்லை, அந்தக் கிண்ணங்களில்தானே சாப்பிடுகிறார்கள்.

இனி உங்கள் தேக்குப் பலகை. பழைய வீட்டைப் பிரித்த மரமாக இருந்தால் கொடுத்து வைத்தவர் நீங்கள். வைரம் பாய்ந்து, பல வருஷ மழையையும் வெயிலையும் பார்த்து நிலைத்துப்போன மரம் அது. ஈரத்துக்கு ஏற்ப விரிவதும் சுருங்குவதும் தேக்கில் குறைவு. அறுப்பதற்கு முன் காந்தத்தை வைத்துத் தடவிப் பாருங்கள், உள்ளே முறிந்த ஆணி இருந்தால் காட்டிக்கொடுக்கும். தேக்கில் சிலிக்கா உண்டு, இழைப்புளியும் ரூட்டர் பிட்டும் சீக்கிரம் மழுங்கும். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் கொடுக்கும். எண்ணெய்ப் பசையும் உண்டு என்பதால், இரண்டு பலகையை ஒட்டுவதானால் ஒட்டும் முகத்தை அப்போதுதான் இழைத்து, அசிட்டோனால் துடைத்துவிட்டு உடனே எபாக்ஸியில் ஒட்ட வேண்டும்.

எடையும் ஒரு விஷயம். ஃபெண்டர் 1950களின் நடுவிலிருந்து பயன்படுத்துகிற ஆல்டர் மரம் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 450 கிலோ, தேக்கு 650. திங்யான் என்கிற பர்மியப் புத்தாண்டு சமயத்தில் மஞ்சளாகப் பூக்கிற படாக் மரம் 850 அளவில் இருக்கும். இரண்டு கிலோ ஆல்டர் பாடியைத் தேக்கில் செய்தால் மூன்று கிலோவை நெருங்கும். முதுகு தாங்காது என்றால் உள்ளே குடைந்துவிடலாம். ஃபெண்டரே 1968இல் டெலிகாஸ்டர் தின்லைனை அப்படித்தான் கொண்டுவந்தது. பேஸில் இந்தக் கனம் நல்லதுக்குத்தான்: நீளக் கழுத்தும் பெரிய முறுக்காணிகளும் தலைப்பக்கம் இழுக்கும்போது, பாடி கனமாக இருந்தால் வாரில் நேராக நிற்கும். தேக்கில் ஓசை இப்படி, ஆல்டரில் அப்படி என்று நடக்கிற வாதங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. கம்பி, அதன் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்கப், செட்டப் மூன்றும்தான் காதுக்குத் தெரிகிற வித்தியாசத்தைக் கொடுக்கின்றன.

கழுத்தை இந்தத் தடவை வாங்கிவிடுங்கள். நான்கு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கிற இடம் அது. கழுத்து வளையாமல் தாங்குகிற ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பி உள்ளே சரியாக உட்கார வேண்டும், விரல் வைக்கிற பக்கம் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பி ஒவ்வொன்றும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். வாங்கியதும் பூட்டாமல் சில வாரம் வீட்டுக் காற்றில் கிடக்க விடுங்கள். வெளியிலிருந்து வருகிற மேப்பிள் கழுத்து மழையில் ஊதும், மாசி பங்குனியில் சுருங்கும். அப்போது விரலைக் கழுத்தின் ஓரமாக ஓட்டிப் பாருங்கள், ஃப்ரெட் முனைகள் நறுக்கென்று குத்தும். அவற்றை மெல்லிய அரத்தால் ராவுகிற வேலையை அந்த வறண்ட மாதங்களில்தான் செய்ய வேண்டும். மழையில் ராவினால் கோடையில் மறுபடியும் துருத்தும்.

கழுத்து உட்காரும் பள்ளத்தின் ஆழம் ஐந்து நூல், பாடியின் கனம் ஒரு அங்குலம் ஆறு நூல் (எட்டு நூல் ஒரு அங்குலம்). ஃபெண்டர் வகைக் கழுத்துகளுக்கு இதுதான் அளவு. பள்ளத்தைச் சற்றுச் சிறியதாகவே வெட்டி, கழுத்தை வைத்து வைத்துப் பார்த்துக் கடைசி மயிரிழையை உளியால் எடுங்கள். பேஸுக்கு ஸ்கேல், அதாவது கம்பி அதிர்கிற நீளம், 34 அங்குலம். 1951இல் வந்த ப்ரெசிஷன் பேஸிலிருந்து அதுவே வழக்கம். பாடியில் கம்பியைத் தாங்குகிற பிரிட்ஜின் இடத்தை இன்னொருவர் வரைபடத்தில் இருந்து எடுக்காமல், கழுத்தின் தலைப்பக்கம் கம்பியைத் தாங்குகிற நட்டில் இருந்து 12ஆவது ஃப்ரெட் வரை அளந்து, அதை இரட்டித்துக் குறியுங்கள். தடித்த கம்பிக்குச் சில மில்லிமீட்டர் பின்னே தள்ள, பிரிட்ஜில் கம்பி உட்காருகிற சாடிலில் இடம் இருக்க வேண்டும்.

வயரிங் சுலபம்: ஒற்றைச் சுருள் பிக்கப்பான சிங்கிள் காயிலுக்கு 250கே (கிலோ ஓம்) பாட், அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கிற குமிழ்; இரட்டைச் சுருள் ஹம்பக்கருக்கு 500கே. குழிகளில் செப்புத் தகடு ஒட்டி எர்த்தோடு சேருங்கள். பழைய வீடுகளில் சுவர் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகே ஆம்ப்பை மாட்டுங்கள். கம்பியைத் தொட்டு நிற்கிற உங்கள் உயிர் சம்பந்தப்பட்டது இது.

பலகையின் அகலத்தையும் கனத்தையும் எழுதுங்கள் தம்பி. ஒரே பலகையில் வருமா, இரண்டை ஒட்ட வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.