மருந்து ஆய்வில் மகனைச் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. கைக்குழந்தையிலிருந்தே அடோபிக் டெர்மடைடிஸ், அதாவது எக்சிமா என்ற அரிப்புத் தோல் நோய். முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து எல்லாம் சொறிந்து சொறிந்து தோல் தடித்துவிட்டது. ராத்திரியில் தூக்கமே இல்லை. ஸ்டீராய்டு களிம்பைப் பயந்து பயந்து கொஞ்சமாகத்தான் போடுகிறோம். இப்போது ஒரு புதிய ஊசி மருந்தின் ஆய்வில் சேர்க்கச் சம்மதமா என்று மருத்துவமனையில் கேட்கிறார்கள். சில பிள்ளைகளுக்கு மருந்தில்லாத வெறும் ஊசிதான் போடுவார்களாம். அவனைச் சோதனை எலி ஆக்குவதுபோல் இருக்கிறது. சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம், ஆனால் உடனே கையெழுத்துப் போட வேண்டாம். "பயந்து பயந்து கொஞ்சமாக" என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். களிம்புக்குக் கட்டுப்படாத நோய் உள்ளவர்களுக்காகத்தான் பொதுவாக இத்தகைய ஊசி மருந்துகளை ஆராய்கிறார்கள். தேவையான அளவு களிம்பு தோலில் படவே இல்லை என்றால், நோய் கட்டுப்படவில்லை என்ற முடிவுக்கே வர முடியாது.

அளவு இதுதான். பெரியவர் ஒருவருடைய ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ட்யூபிலிருந்து பிதுக்குங்கள். அது ஏறக்குறைய அரை கிராம். பெரியவருடைய இரண்டு உள்ளங்கைகள், விரல்களோடு சேர்த்து, எவ்வளவு இடமோ அவ்வளவு தோலுக்கு அது போதும். உங்கள் மகன் வயதில் தோளிலிருந்து விரல் வரை ஒரு கை முழுவதும் பாதிக்கப்பட்டிருந்தால் இப்படி இரண்டரை அளவு வேண்டும். ஒரு கால் முழுவதும் என்றால் நாலரை. ஒரு பொட்டு வைத்து முழங்கால் வரை இழுத்துத் தேய்த்தால் அரிப்பு எப்படி அடங்கும்?

தோல் மெலிந்துவிடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2022-இல் வெளியானது, அது இதையும் பார்த்தது. குறுகிய கால ஆய்வுகளில் தோல் மெலிந்ததாகப் பதிவானது ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு; அதுவும் பெரும்பாலும் அதிக வீரியமுள்ள களிம்புகளில். வீரியமான களிம்பை ஒரு நாளைக்கு ஒரு முறை போட்டாலே போதும், இரண்டு முறை போட்டதற்குச் சமமான பலன் கிடைக்கிறது என்பதும் அதில் தெரிந்தது. முகம், கண் இமை, அக்குள் போன்ற மெல்லிய இடங்களுக்கு வேறு மருந்து, வேறு கணக்கு. அதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதனால் அவர் சொன்ன களிம்பை, சொன்ன அளவில், இரண்டு முதல் நான்கு வாரம் முழுமையாகப் போட்டுப் பாருங்கள். மாய்ஸ்சரைசரும் தாராளமாக வேண்டும், வாரத்துக்குக் கால் கிலோகூடச் செலவாகலாம். லோஷன், க்ரீம், ஜெல், ஆயின்ட்மென்ட் நான்கையும் 550 பிள்ளைகளிடம் ஒப்பிட்ட பிரிட்டன் ஆய்வில் எதுவும் மற்றதைவிட மேல் என்று தெரியவில்லை. பையன் மறுக்காமல் பூசவிடுவது எதுவோ அதுவே அவனுக்கு நல்லது.

அப்படியும் அடங்கவில்லையா? அப்புறம் ஆய்வைப் பற்றிப் பேசலாம்.

வெறும் ஊசி எதற்கு? இந்த நோய் தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். மிக மோசமாக இருக்கும்போதுதான் பெற்றோர் ஆய்வில் சேர்க்கச் சம்மதிக்கிறார்கள். அதற்குப் பிறகு எதைக் கொடுத்தாலும், கொடுக்காவிட்டாலும், சிலருக்குக் குறையத்தான் செய்யும். இந்த நோய்க்கான டூபிலுமாப் என்ற ஊசியை 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் சோதித்த ஆய்வின் முடிவு 2020-இல் வந்தது. கடுமையான நோயுள்ள 367 பிள்ளைகள். எல்லோருக்கும் ஸ்டீராய்டு களிம்பு உண்டு. களிம்போடு மருந்து ஊசியும் போட்டவர்களில் நான்கு வாரத்துக்கு ஒரு ஊசி என்ற குழுவை எடுத்துக்கொண்டால், 16 வாரத்தில் சுமார் 70 சதவீதம் பேருக்கு நோயின் அளவு குறைந்தது முக்கால் பங்காவது இறங்கியது. களிம்போடு வெறும் ஊசி போட்டவர்களிலும் சுமார் 27 சதவீதம் பேருக்கு அதே அளவு குறைந்தது. அந்த இரண்டாவது குழு இல்லாமல் போயிருந்தால், அந்த 27-ஐயும் ஊசியின் கணக்கில் எழுதியிருப்போம். வெறும் ஊசி போட்டவர்களும் கைவிடப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். முறையாகக் களிம்பு போட்டு, மருத்துவர்கள் அடிக்கடி பார்த்துக்கொண்டதிலேயே கால் பங்குக்கு மேலானவர்கள் நன்றாகத் தேறினார்கள்.

ஆனால் எல்லா ஆய்விலும் களிம்பைத் தொடர விடமாட்டார்கள். நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். சில ஆய்வுகளில் ஓரிரு வாரம் முன்பே களிம்பை நிறுத்தச் சொல்வார்கள். அந்த நாட்களில் நோய் பொங்கி எழக்கூடும், அதற்கு வீடு தயாராக இருக்க வேண்டும். இடையில் தாங்க முடியாமல் போனால் நிவாரண மருந்து கொடுப்பார்களா, கொடுத்தால் ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்களா என்று கேளுங்கள். ஆய்வு முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்மையான மருந்து கிடைக்கும் தொடர் கட்டம் உண்டா? பலன் கிடைத்த மருந்து ஒரே நாளில் நின்றுபோனால் பிள்ளை மறுபடி முதல் நிலைக்கே போய்விடலாம். என்னைக் கேட்டால், இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத ஆய்வில் அவசரப்பட்டுச் சேர்க்க வேண்டாம்.

மருந்து எந்த வகை என்பதும் முக்கியம். டூபிலுமாப் போன்ற ஊசிகளில் கண் சிவந்து உறுத்துவது தெரிந்த பக்கவிளைவு. நோயெதிர்ப்பு அமைப்பின் வேகத்தைக் குறைக்கும் வாய்வழி மாத்திரைகளான ஜேக் தடுப்பான்கள் வேறு ரகம்; தொற்று, ரத்தக் கட்டி போன்ற ஆபத்துகள் பற்றி அவற்றுக்குக் கடுமையான எச்சரிக்கை உண்டு, அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் தேவை. போட வேண்டிய தடுப்பூசி ஏதும் பாக்கியிருந்தால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் மாதிரிகள் பற்றித் தனிப் பகுதி இருக்கலாம். வட்டமான ஒட்டுத்தாளைத் தோலில் அழுத்தி, உரித்து, அதில் ஒட்டி வரும் மேல்படலத்தைச் சோதிப்பார்கள், பெரும்பாலும் வலிக்காது. மரபணுச் சோதனைக்கு ரத்தமோ உமிழ்நீரோ கேட்கலாம். தோலின் காப்புச் சுவருக்குத் தேவையான ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுப் பிழைக்கும் இந்த நோய்க்கும் தொடர்புண்டு என்று 2006-இல் தெரிந்தது இப்படி மாதிரி கொடுத்த குடும்பங்களால்தான். ஆனாலும் இந்தப் பகுதிக்குத் தனியாக ஒப்புதல் கேட்டிருந்தால், அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லலாம்.

சோதனை எலி என்ற வார்த்தை உங்களை வருத்துகிறது. எலியிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை, பாதியில் போகிறேன் என்று அது சொல்லவும் முடியாது. உங்களால் எந்த நாளும் விலக முடியும். அதற்காக வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. 9 வயதுப் பையனிடமும் கேட்க வேண்டும். ஊசி அவனுக்குத்தானே! இன்னொன்று: "பயனில்லை" என்று முடிந்த ஆய்வுகளும் எத்தனையோ வீடுகளுக்கு உதவியிருக்கின்றன. குளிக்கும் தண்ணீரில் கலக்கும் எண்ணெய்த் திரவங்களால் கூடுதல் பலன் இல்லை என்று 2018-இல் தெரிந்தது. பிறந்ததிலிருந்தே தினமும் மாய்ஸ்சரைசர் பூசினால் எக்சிமா வராது என்ற நம்பிக்கை, 1,394 சிசுக்களைச் சேர்த்த ஆய்வில் 2020-இல் பொய்த்தது. கலந்துகொண்ட பிள்ளைகளால்தான் மற்றவர்களுக்கு அந்தச் செலவும் அலைச்சலும் மிச்சம்.

களிம்பை முழுமையாகப் போடும் அந்த வாரங்களில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாரம் ஒரு நாள், அதற்கு முந்தைய ஏழு நாட்களில் அரிப்பு, தூக்கக் கேடு, ரத்தம் கசிவது, நீர் வடிவது, வெடிப்பு, செதில் உதிர்வது, வறட்சி ஆகிய ஏழும் தனித்தனியே எத்தனை நாள் இருந்தன என்று குறியுங்கள். ஒரு நாளும் இல்லை என்றால் 0, ஓரிரு நாள் 1, மூன்று நான்கு நாள் 2, ஐந்தாறு நாள் 3, தினமும் என்றால் 4. கூட்டுத்தொகை 17-ஓ அதற்கு மேலோ நின்றால் நோய் கடுமை என்று பொருள். 'போயம்' என்ற இந்த அளவுகோலை ஆய்வாளர்களே பயன்படுத்துகிறார்கள். களிம்பை முழு அளவில் போட்டும் எண் இறங்கவில்லை என்றால், அந்த நோட்டோடும் ஒப்புதல் படிவத்தோடும் உங்கள் தோல் மருத்துவரைப் பாருங்கள். மேலே சொன்ன கேள்விகளுக்குத் திருப்தியான பதில் கிடைத்தால் தயங்காமல் சேர்க்கலாம்.