சுவரடியில் உப்புப் பூக்கிறதா? பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன் வீட்டுக்கு வெளியே போய்ப் பாருங்கள்

சிதம்பரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எங்கள் வீடு கட்டி 22 வருடம் ஆகிறது, தரைத்தளம் மட்டும். ஹாலில் தெருப்பக்கச் சுவர், படுக்கையறையில் பாத்ரூமை ஒட்டிய சுவர், இந்த இரண்டிலும் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்துக்கு உப்புப் பூத்து பெயிண்ட் பொரிந்து விழுகிறது. 5 வருடத்தில் 3 முறை சுரண்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிட்டோம். பெயிண்டர் ஓதம் தாங்கும் பெயிண்ட் அடிக்கலாம் என்கிறார். கொத்தனார் 4 அடிக்கு டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார். நானும் என் கணவரும் விடுமுறை நாட்களில் நாங்களே செய்ய ஆசைப்படுகிறோம். முடியுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?"

முடியும். இதில் முக்கால்வாசி வேலைக்குப் பெரிய கைத்திறன் வேண்டாம், பொறுமைதான் வேண்டும். ஆனால் நீங்கள் இதுவரை 3 முறை செய்ததும் சரி, பெயிண்டரும் கொத்தனாரும் இப்போது சொல்வதும் சரி, எல்லாமே சுவரின் மேல்தோலுக்கான வைத்தியம். தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று யாருமே பார்க்கவில்லை. அதைக் கண்டுபிடித்து அடைக்காமல் அடிக்கிற ஒவ்வொரு பெயிண்ட்டும் வீண் செலவு, 3 முறை அந்தச் செலவைச் செய்த உங்களுக்கு நாலாவது முறையும் அது நடக்கக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சுவருக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயமே அனுமதிக்கிற அளவு. அதாவது 3 கிலோ செங்கல் ஒன்று அரை லிட்டருக்கும் மேலே பிடித்து வைத்துக்கொள்ளும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, கீழே ஈரம் இருந்தால் செங்கல்லும் கலவையும் அதை மேலே இழுக்கின்றன. அப்படி ஏறிய தண்ணீர் சுவரின் முகத்தில் வந்து காய்கிறது, அதில் கரைந்திருந்த உப்பு ஆவியாக முடியாமல் அங்கேயே தங்கிப் படிகமாகிறது. அந்தப் படிகம் வளர வளர பெயிண்ட்டையும் பட்டியையும் பின்னாலிருந்து நெட்டித் தள்ளுகிறது. பெயிண்ட் மட்டமானது என்று நாம் கடைக்காரரைத் திட்டுகிறோம், பாவம், அவர் என்ன செய்வார். கடலோர ஊர்களில் மண்ணிலேயே உப்பு இருக்கும், சில வீடுகளில் கட்டும்போது ஊற்றிய போர் தண்ணீரிலேயே உப்பு வந்திருக்கும்.

இதனால்தான் டைல்ஸ் ஒட்ட வேண்டாம் என்கிறேன். ஏறுகிற தண்ணீர் எங்காவது காய்ந்தாக வேண்டும். இப்போது இரண்டரை அடியில் காய்கிறது. 4 அடி வரை டைல்ஸால் மூடினால் அது காய இடம் தேடி இன்னும் மேலே ஏறி, டைல்ஸுக்கு மேலே நாலரை, ஐந்து அடியில் பூக்கும். எனாமல் பெயிண்ட் அடித்தாலும் இதே கதிதான். ஓதம் தாங்கும் பெயிண்ட் ஒன்றிரண்டு வருடம் தாக்குப்பிடிக்கலாம், ஆனால் சுவர் உள்ளுக்குள் ஊறிக்கொண்டேதான் இருக்கும்.

சரி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? உங்கள் இரண்டு சுவர்களையும் ஒரே வியாதி என்று நினைக்காதீர்கள். பாத்ரூம் சுவருக்கு ஒரு காரணமும் தெருப்பக்கச் சுவருக்கு வேறொரு காரணமும் இருக்கத்தான் அதிக வாய்ப்பு.

பாத்ரூமிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இதைச் சோதிக்கக் காசே வேண்டாம். இரவு படுக்கும் முன் மாடித் தொட்டியை நிரப்பி, தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். காலை வரை யாரும் குழாயைத் திறக்கக்கூடாது, மோட்டாரும் போடக்கூடாது. காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. மறுநாள் இரவு பாத்ரூமுக்குப் போகும் கேட் வால்வை மூடிவிட்டு அதையே செய்யுங்கள். இப்போது இறங்கவில்லை என்றால் கசிவு பாத்ரூம் லைனில்தான், பிளம்பரைக் கூப்பிடுங்கள், வேறு எதையும் அதற்கு முன் தொட வேண்டாம். இரண்டு இரவும் இறங்காவிட்டால் குழாயில் குற்றமில்லை, அடுத்தது பாத்ரூம் தரை. நானி டிராப்பை, அதாவது தரையில் தண்ணீர் வெளியேறும் சல்லடை மூடி போட்ட துளையை, துணிப்பந்தால் இறுக அடைத்து, வாசலில் கொஞ்சம் களிமண்ணால் அணை கட்டி, தரையில் ஒரு அங்குலம் தண்ணீரை ஒரு நாள் நிற்க விடுங்கள். தண்ணீர் காணாமல் போனாலோ, படுக்கையறைச் சுவரடி முன்பைவிடக் கருத்து ஈரமானாலோ, தரை டைல்ஸ் இடுக்குகளோ டிராப்பைச் சுற்றிய இடமோ விட்டிருக்கிறது என்று அர்த்தம். பழைய இடுக்குப் பூச்சைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்ஸி கிரவுட் நிரப்புவது நீங்களே செய்யக்கூடிய வேலை. தரை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம், 2 நாள் பாத்ரூமைப் பூட்டி வையுங்கள்.

என் அம்மா வீட்டில் இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் நேராகப் பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூசினேன். 8 மாதத்தில் அதே இடத்தில் அதே உப்பு. கடைசியில் பார்த்தால் சுவருக்குள் போன குழாயின் ஒரு எல்போவில் ஊசிமுனை அளவு ஓட்டை. அம்மா இரண்டு மழைக்காலம் அந்த ஈரச் சுவருக்குப் பக்கத்தில் படுத்திருந்தார் என்பது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

அப்புறம் தெருப்பக்கச் சுவர். அதற்குத் தீர்வு வீட்டுக்கு உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது. மழை பெய்யும்போது குடையோடு வெளியே போய் அந்தச் சுவரின் காலடியைப் பத்து நிமிடம் பாருங்கள், ஒரு நிபுணர் வந்து சொல்வதைவிட அது அதிகம் சொல்லும். தண்ணீர் சுவரை நோக்கி ஓடுகிறதா, விலகி ஓடுகிறதா? மாடி மழைநீர்க் குழாய் எங்கே கொட்டுகிறது? சுவரின் அடியில் செம்மண் தெறித்த கறை இருக்கிறதா? ஏ.சி. தண்ணீர்க் குழாய் சுவரோரத்திலேயே சொட்டிக்கொண்டிருக்கிறதா? ஏ.சி. ஓடுகிற நாளெல்லாம் அந்தச் சின்னக் குழாய் பல லிட்டர் தண்ணீரை அஸ்திவாரத்துக்கு ஊட்டுகிறது, அதை யாருமே கவனிப்பதில்லை. துவைக்கிற கல், சுவரை ஒட்டி வைத்த குரோட்டன்ஸ் தொட்டிகள், தினமும் தண்ணீர் விடும் துளசி மாடம், எல்லாவற்றையும் சந்தேகப்படுங்கள். தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, இடமில்லாமல் சுவரை ஒட்டியே குழி தோண்டிய வீடுகளும் உண்டு. உங்கள் வீடு அதற்குப் பக்கத்து வருடங்களில் கட்டியது என்பதால் குழி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கட்டும்போது தரை மட்டத்திலிருந்து குறைந்தது 45 செ.மீ. உயரத்தில் வீட்டுத் தளம் இருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதி. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் 22 வருடத்தில் தெருவில் எத்தனை முறை ரோடு மேல் ரோடு போட்டார்கள்? தெரு உயர்ந்தது, தண்ணீர் வாசலுக்கு வந்தது, நீங்களும் வாசலில் மண் கொட்டிச் சிமெண்ட் போட்டிருப்பீர்கள், அது சுவரில் ஓதத்தைத் தடுக்க வைத்திருந்த பெல்ட் கான்கிரீட்டையும் தாண்டி ஏறியிருக்கும். ஈரமண்ணுக்கும் மேல்சுவருக்கும் நடுவில் இருந்த ஒரே வேலி அந்த பெல்ட்தான், மண் அதைத் தாண்டிவிட்டால் செங்கல் நேரடியாக மண்ணிலிருந்து குடிக்கத் தொடங்குகிறது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவு போட்டார். உங்கள் தெருவில் அடுத்து ரோடு போட வரும்போது அதைச் சொல்லி நகராட்சியில் கேளுங்கள், தெருக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது, சுவரோரம் ஒன்றரை அடி அகலத்துக்கு அந்தச் சிமெண்ட்டையும் மண்ணையும் வெட்டி எடுத்து, மண் மட்டத்தை பெல்ட்டுக்கு அரை அடி கீழே இறக்குவது. கடப்பாரையும் மண்வெட்டியும் போதும், இரண்டு பேருக்கு ஒரு சனி ஞாயிறு ஆகும். அஸ்திவாரத்துக்குக் கீழே மட்டும் தோண்டாதீர்கள். அந்தப் பள்ளத்தில் மண் இல்லாத 20 எம்.எம். ஜல்லி போட்டு வையுங்கள், மழை தெறிப்பதும் குறையும், சுவரடி காற்றும் வாங்கும். பள்ளத்துக்கு வெளியே இருக்கும் தரை, சுவரை விட்டு விலகி 3 அடிக்கு ஒரு அங்குலமாவது சரிய வேண்டும். பள்ளத்திலேயே தண்ணீர் தேங்கினால் எல்லாம் வீண், அதனால் ஒரு முனையில் அது வெளியேற ஒரு குழாய் வையுங்கள். மழைநீர்க் குழாயை எல்போ போட்டுச் சுவரிலிருந்து 4 அடியாவது தள்ளிக் கொண்டு போங்கள். தெரு ரொம்ப உயர்ந்து, மண்ணை இறக்கினால் தெருத்தண்ணீர் முழுவதும் உள்ளே வரும் என்ற நிலை இருந்தால் இந்த வழி சரிப்படாது. அப்போது சுவரின் அடி வரியில் துளை போட்டு சிலேன் கிரீம் என்கிற, தண்ணீர் ஏறுவதைத் தடுக்கும் ரசாயனத்தை ஏற்றுகிற முறை இருக்கிறது. அதை அந்த வேலை தெரிந்தவர்களிடம் விடுங்கள், துளைகள் சரியான இடைவெளியில் சுவரின் ஏறக்குறைய முழு கனத்துக்கும் போகாவிட்டால் பலன் கிடைக்காது.

உள்வேலையை வெளிவேலை முடிந்த பிறகுதான் தொட வேண்டும். முதலில் மெயினை அணையுங்கள். ஈரச் சுவரில் தாழ்வாக பிளக் பாயிண்ட் இருந்தால் எலக்ட்ரீஷியனை வைத்து அதை மேலே மாற்றுங்கள், மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லாவிட்டால் இதையே சாக்காக வைத்துப் போட்டுவிடுங்கள். இன்னொன்று, வீட்டு பெயிண்ட்டில் ஈயத்தை 90 பி.பி.எம்.முக்குள், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்குள், கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் சுவரின் பழைய அடுக்குகளில் ஈயம் இருக்கலாம், அதனால் உப்புத்தாள் போட்டு உலரத் தேய்க்காதீர்கள். தண்ணீர் ஸ்ப்ரே அடித்து நனைத்துச் சுரண்டி, தூளை அள்ளிப் பையில் கட்டுங்கள். மாஸ்க் கட்டாயம், குழந்தைகள் அந்த அறையில் இருக்கவே கூடாது.

பெயிண்ட் போனதும், ஈரக்கோடு தெரிகிற உயரத்துக்கு மேலே இன்னும் ஒன்றரை அடி வரை பூச்சைக் கொத்தி எடுத்துச் செங்கல் தெரிய விடுங்கள். இது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், நன்றாக இருக்கிற பூச்சை ஏன் உடைக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் உப்பு அங்கேயும் போயிருக்கிறது, விட்டு வைத்தால் காற்றில் இருக்கும் ஈரத்தையே அது இழுத்துத் திரும்பக் கசியும். செங்கல் இடுக்குகளில் உதிர்கிற கலவையை ஒரு செ.மீ. ஆழத்துக்குச் சுரண்டுங்கள். வெள்ளை உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே விரித்த பேப்பரில் பிடித்து வெளியே கொண்டு போடுங்கள். இந்த இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது, கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும்.

பிறகு காய விடுங்கள். 9 அங்குலச் சுவர் ஒரு வாரத்தில் காயாது. அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு, நம் வெயிலுக்கு அவ்வளவு ஆகாது என்றாலும் இரண்டு மூன்று மாதம் திறந்த செங்கல்லோடு வாழத் தயாராகுங்கள். அதனால்தான் வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ ஆரம்பிக்கச் சொல்கிறேன், மே மாதத்தில் பூச்சுக்குப் போகலாம். வாரம் ஒருமுறை உப்பைத் தட்டி எடுங்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க, ஒரு அடி சதுரத்தில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி 2 நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் சுவர் இன்னும் ஈரம். வெளிப்பக்கம் மட்டும் வேர்த்தால் அறைக் காற்றில்தான் ஈரம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பூச்சுக்கு வெறும் சிமெண்ட் வேண்டாம், சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்று கலந்து பூசுங்கள். சுண்ணாம்பு சேர்ந்த பூச்சு மூச்சு விடும், மிச்சமிருக்கும் ஈரம் அதன் வழியே காய்ந்து போகும். எம்.சாண்ட் என்றால் பூச்சுக்கான சலித்த மணலைக் கேளுங்கள், கலக்க உப்பில்லாத நல்ல தண்ணீர் மட்டும். சுண்ணாம்பை நீர்த்த தூளாகவே வாங்குங்கள், கல் சுண்ணாம்பை வீட்டில் நீர்க்க வைப்பது கொதித்துத் தெறிக்கும் ஆபத்தான வேலை. கண்ணாடி, கையுறை இல்லாமல் தூளையும் தொடாதீர்கள். மட்டமாகப் பூசுவதற்குக் கை பழக வேண்டும், அதற்கு மட்டும் ஒரு நாள் கொத்தனாரை வைத்துக்கொண்டாலும் தப்பில்லை, ஆனால் கலவையைப் பக்கத்தில் நின்று நீங்களே அளந்து கொடுங்கள். பூச்சு தரையைத் தொடக்கூடாது, அரை அங்குலம் இடைவெளி விட்டு நிறுத்தச் சொல்லுங்கள், சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும். ஒரு வாரம் லேசாகத் தண்ணீர் தெளித்து, அதன் பிறகு குறைந்தது ஒரு மாதம் சும்மா விடுங்கள்.

பட்டி பார்க்க வேண்டாம், ஜிப்சம் பூச்சு பக்கமே போகாதீர்கள், ஈரம் பட்டால் அது இளகிவிடும். முதல் வருடம் அந்த இரண்டு சுவருக்கும் சுண்ணாம்பு வெள்ளை மட்டும் இரண்டு மூன்று கை அடித்து விடுங்கள், லேசாக நிறம் சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த மழைக்காலம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சுவர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஜனவரியிலும் உப்புப் பூக்காமல் இருந்தால் அப்போது பிடித்த நிறத்தில் எமல்ஷன் வாங்குங்கள். தொட்டியில் கோடு போடுகிற சோதனைக்கு மட்டும் எந்த மாதமும் காத்திருக்க வேண்டாம், அதை இன்றைக்கு ராத்திரியே செய்துவிடலாம்.