கீசர் நல்லதுதான், ஊர்தான் வேறு

ஐப்பசியில் தொடங்கித் தை முடியும்வரை எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஈரத்தைப் பற்றியவை, மீதி குளிரைப் பற்றியவை. எல்லாவற்றிலும் வேலைக்குப் போகிற அவசரம் ஒன்று கூடவே ஓடிக்கொண்டிருக்கும். இம்முறை நான்கு கடிதங்கள்.

கேள்வி: சென்னையில் வாங்கிய மூன்று லிட்டர் உடனடி கீசரை, பணிமாற்றத்தில் ஊட்டிக்கு வந்தபோது கையோடு கொண்டுவந்தோம். அங்கே ஐந்து ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. இங்கே டிசம்பர் பிறந்ததிலிருந்து வெதுவெதுப்பாகத்தான் தண்ணீர் வருகிறது. ஏழரைக்கு மகள் பள்ளிக்கும் எட்டுக்கு நாங்கள் இருவரும் அலுவலகத்துக்கும் கிளம்ப வேண்டும். மெக்கானிக் இரண்டு முறை காயில் மாற்றிவிட்டார். இது பழுதா? வேறு நிறுவனத்தின் கீசர் வாங்கலாமா?
– வாசகி, ஊட்டி

பதில்: கீசரில் பழுது இல்லை. இரண்டாவது காயிலுக்குக் கொடுத்த பணம் நிச்சயம் வீண். முதலாவதும் வீண்தான் என்று நினைக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். இந்த வகை கீசர் பெரும்பாலும் 3,000 வாட். சென்னைக் குழாயில் மார்கழியிலும் தண்ணீர் 26 டிகிரி அளவில் இருக்கும். குளிக்க 40 டிகிரி போதும் என்றால், கீசர் ஏற்ற வேண்டியது 14 டிகிரி மட்டுமே. அப்போது அதனால் நிமிடத்துக்கு மூன்று லிட்டர் வெந்நீர் தர முடியும். இருபது லிட்டர் வாளி ஏழு நிமிடத்துக்குள் நிறைந்துவிடும்.

தலைக்குந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி உப்புக் கொட்டினாற்போல் உறைபனியில் கிடக்கிற காலையில், உங்கள் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் பத்து டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஏற்ற வேண்டியது 30 டிகிரி. அதே கீசரால் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்கூடத் தர முடியாது. வாளி நிறையப் பதினான்கு நிமிடம். அவ்வளவு நேரம் யார் காத்திருப்பார்? குழாயை முழுதாகத் திறக்கிறோம், தண்ணீர் சூடேற நேரமில்லாமல் ஓடிவந்துவிடுகிறது. எந்த நிறுவனத்தின் 3,000 வாட் கீசரை மாட்டினாலும் இதேதான் நடக்கும்.

நீங்கள் வாங்க வேண்டியது தொட்டி உள்ள கீசர். அதிலும் பதினைந்து லிட்டர் போதாது. கடைக்காரர் "மூன்று பேருக்குப் பதினைந்து தாராளம்" என்பார். அது சமவெளிக் கணக்கு. பதினைந்து லிட்டரை 60 டிகிரிக்குக் காய்ச்சி உங்கள் ஊர்ப் பச்சைத் தண்ணீரில் விளாவினால் மொத்தம் 25 லிட்டர் கிடைக்கும். ஒருவருக்கே சரியாகப் போய்விடும். இருபத்தைந்து லிட்டர் கீசரில் நாற்பதுக்கு மேல் கிடைக்கும், ஆளுக்கு ஒரு சிறிய வாளி. அது 2,000 வாட் என்றால் முழுத் தொட்டி சூடாக முக்கால் மணி நேரமும் ஒன்றரை யூனிட்டும் ஆகும். ஆகவே ஐந்தரைக்கே சுவிட்சைப் போட்டுவிடுங்கள்.

நட்சத்திரக் குறியீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து நட்சத்திரம் என்றால் சீக்கிரம் சூடாகும் என்று பலர் நினைக்கிறார்கள். தொட்டி கீசரில் அது சொல்வது வேறு: காய்ச்சிய தண்ணீர் உள்ளேயே இருக்கும்போது எவ்வளவு வெப்பம் வெளியே கசிகிறது என்பதை. போட்டு, குளித்து, அணைத்துவிடுகிற சென்னை வீட்டில் அதனால் பெரிய லாபம் இல்லை. ஒருவர் பின் ஒருவராக இரண்டு மணி நேரம் குளிக்கிற மலையூர் வீட்டில் அதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். பதினாறு ஆம்பியர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும், சின்ன பிளக்கில் கூடாது. சூடாகும்போது பாதுகாப்பு வால்விலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரும். அதைப் பழுது என்று நினைத்து யாரையும் அடைக்க விடாதீர்கள். உள்ளே ஏறும் அழுத்தம் வெளியேற வேறு வழி கிடையாது.

பழைய கீசரை அடுப்படித் தொட்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவ அந்த வெதுவெதுப்பு போதும்.

கேள்வி: அடுக்ககத்தில் மேல்மாடி வீடு. சாவி வாங்கி நான்கு ஆண்டுகளும் சில மாதங்களும் ஆகின்றன. ஒவ்வொரு கார்த்திகையிலும் படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறி, பெயிண்ட் அப்பளம்போல் உப்பி உதிர்கிறது. "பத்து ஆண்டு உத்தரவாதம்" என்று டப்பாவிலேயே அச்சிட்ட நீர்க்காப்புப் பெயிண்டை இரண்டு முறை அடித்துவிட்டோம். பெயிண்ட் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட முடியுமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: பெயிண்டை விடுங்கள். உங்கள் கடிதத்தில் முக்கியமான சேதி "நான்கு ஆண்டுகளும் சில மாதங்களும்" என்பதுதான்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016இன் 14ஆம் பிரிவைப் பாருங்கள். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து நீங்கள் தெரிவித்தால், கட்டுநர் 30 நாட்களுக்குள் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். தவறினால் இழப்பீடு கேட்கலாம். உங்கள் கட்டடம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான திட்டமா என்று விற்பனை ஒப்பந்தத்தில் பாருங்கள். பதிவு எண் அதில் இருக்கும். இருந்தால், இந்த வாரமே படங்களுடன் மின்னஞ்சலும் ஒப்புகையுடன் விரைவுத் தபாலும் அனுப்புங்கள். தளப் பொறியாளரிடம் தொலைபேசியில் சொன்னதெல்லாம் கணக்கில் வராது. "மழை நிற்கட்டும் சார், ஆள் அனுப்புகிறோம்" என்பார்கள். மழை நிற்கும்போது உங்கள் ஐந்து ஆண்டும் முடிந்திருக்கும்.

டப்பா உத்தரவாதத்தை நம்பியவர்களில் நானும் ஒருவன். என் வீட்டுச் சுவருக்கு இரண்டு மழைக்காலம் உள்பக்கமாகப் பெயிண்ட் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மொட்டைமாடிக்கே ஏறினேன். கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையில் ஒரு விரிசல், என் ஐந்து ரூபாய் நாணயம் செங்குத்தாக நுழைகிற அளவுக்கு. தண்ணீர் மேலே நுழைகிறது, நாம் கீழே பூசிக்கொண்டிருக்கிறோம். அந்த உத்தரவாதத்தின் பொடியெழுத்தையும் படியுங்கள். சுவர் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், சொன்ன பிரைமர், சொன்ன எண்ணிக்கையில் பூச்சு, வாங்கியதற்கு ரசீது என்றெல்லாம் நிபந்தனை இருக்கும். ஐப்பசி ஈரத்தில் அடித்துவிட்டு அதை நிரூபிப்பது கடினம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. சுவரைத் துடைத்து, ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் பூத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கத்தில் பூத்தால் அறைக் காற்றில் இருக்கிற ஈரம்தான், சன்னலைத் திறந்தாலே பாதி சரியாகும். தாளைத் தேதியோடு படம் எடுத்துக் கட்டுநருக்கு அனுப்பும் கடிதத்தில் சேருங்கள்.

கட்டுநர் கைவிரித்து, குடியிருப்போர் சங்கமே வேலையைச் செய்யும் நிலை வந்தால் பங்குனி, சித்திரையில் செய்யுங்கள். ஐப்பசியில் கொத்தனார் கிடைப்பதும் அரிது, கிடைத்தால் அவர் சொல்வதே விலை. மழைநீர்க் குழாய் வாயை அடைத்து, தளத்தில் இரண்டு அங்குலத் தண்ணீரை ஒரு முழுநாள் தேக்கிப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். பத்தில் ஒரு பங்கை முதல் பெருமழை கழியும்வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடி எல்லோருக்கும் பொது, ஆகவே செலவும் பொது. கீழ்வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார், அது வேறு கதை.

கேள்வி: வாஷிங் மெஷின் உத்தரவாதக் காலத்திலேயே நின்றுவிட்டது. சர்வீஸுக்குச் சொல்லி, மூன்று நாள் விடுப்புப் போட்டுக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை, புகார் முடிக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருகிறது. மழைக்காலத் துணி மலையாகக் குவிந்துவிட்டது.
– வாசகி, கோவை

பதில்: ஒன்று கேட்கிறேன். யாராவது அழைத்து, "ஓடிபி எண்ணைச் சொல்லுங்கள் மேடம், சாயங்காலம் வந்துவிடுகிறேன்" என்றாரா? அந்த எண் வேலை முடிந்தது என்று நீங்கள் போடும் கையெழுத்து. மெஷின் சுழல்வதைக் கண்ணால் பார்க்கும்வரை சொல்லாதீர்கள்.

குறுஞ்செய்திகளையும் நீங்கள் அழைத்த அழைப்புகளின் பட்டியலையும் படம் எடுத்து வையுங்கள். அலுவலகத்தின் விடுப்புப் பதிவையும் சேருங்கள். அந்த மூன்று நாளும் நீங்கள் வீட்டில்தான் இருந்தீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியுங்கள். பெரும்பாலும் அத்தோடு ஆள் வந்துவிடுவார். வராவிட்டால், ஏழு நாள் கெடு வைத்து நிறுவனத்துக்கு ஒரு கடிதம், அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகள் வரை நேரம் உண்டு. சேவைக் குறைபாட்டுக்கும் வீணான விடுப்புக்கும் சேர்த்தே இழப்பீடு கேளுங்கள். தீர்ப்பு வர நாளாகும் என்பதால், துணிமலைக்கு இப்போதைக்குத் தெருக்கோடி சலவைக்கடைதான் வழி. அந்த ரசீதையும் எடுத்து வையுங்கள்.

கேள்வி: ரூம் ஹீட்டர் மின்சாரத்தைக் குடிக்கும் என்கிறார்கள். இரவில் கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொள்கிறோம். ஆயில் ஹீட்டர் வாங்கினால் கட்டணம் குறையுமா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: குறையாது. ஆயில் ஹீட்டரோ விசிறி வைத்ததோ, ஒரே வாட்டுக்கு ஒரே வெப்பம்தான். ஆயில் ஹீட்டரில் சத்தம் இல்லை, அணைத்த பிறகும் சற்று நேரம் சூடு நிற்கும், அவ்வளவே வேற்றுமை. 2,000 வாட் ஹீட்டர் தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் பத்து யூனிட், இரண்டு மாதப் பட்டியலில் 600. தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101ஆவது யூனிட்டிலிருந்தே கட்டண வீதம் மாறிவிடும். அதனால் படுக்கும் முன் ஒரு மணி நேரம் ஓட்டி அணைத்துவிட்டு, கதவின் அடி இடுக்கைத் துணிச்சுருளால் அடைத்து, இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொள்வதே மலிவு.

கரியடுப்பு மட்டும் வேண்டாம். மூடிய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூங்குகிறவரை எழுப்பவும் எழுப்பாது. மலையூர்களில் இப்படித் தூங்கப்போனவர்கள் எழாமலே போன செய்திகளை நாளிதழில் நீங்களும் படித்திருப்பீர்கள். காற்றுப் போக்கு இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் மாட்டுவதும் இதே ஆபத்துதான். இதைப் படித்து முடித்ததும் அடுப்பைத் தூக்கி வெளித் தாழ்வாரத்தில் வைத்துவிடுங்கள்.